குளிர் காலத்துக்கு ஒரு கிராமத்து வீடு

கேதாரநாதர் கோயில் நடை தீபாவளி கழிந்த இரண்டொரு நாளில் சாத்தப்படுகிறது. பனி மூடிக் கிடக்கும் ஆறு மாதமும் உற்சவமூர்த்தி பல்லக்கில் மலையிறங்கி வந்து, ஊகிமடத்து ஓங்காரேசுவரர் கோயிலில் இருந்தபடியே பூஜை ஏற்றுக்கொள்கிறார். இமாசலத்து ஆட்டு இடையர்களும் அப்படித்தான். குளிர் தொடங்கும் முன்பே மந்தையை ஓட்டிக்கொண்டு கீழே இறங்கி விடுவார்கள். ஸ்ரீநகர் அரசாங்க அலுவலகங்கள்கூடக் குளிருக்கு ஜம்முவுக்கு மூட்டை கட்டும். அந்த வழக்கம் 2021-ம் வருஷம் நின்று, 2025-ல் மறுபடி தொடங்கியது.

சாமிக்கும் சர்க்காருக்கும் ஆட்டுக்கும் தெரிந்த இந்த யோசனை, டில்லியிலும் வடக்கே பிற ஊர்களிலும் இருக்கிற நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் ஏன் தோன்றுவதில்லை என்று நான் பல நாள் நினைத்ததுண்டு. வீட்டில் மூச்சிரைப்போ மூட்டுவலியோ உள்ள பெரியவர்கள் இருந்தால், மார்கழி, தை இரண்டு மாதமும் அவர்கள் படும் பாட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. நாங்கள் ஒரு வழி தேடினோம். தேடிய விவரத்தை எழுதினால் இன்னும் நாலு குடும்பத்துக்கு உதவும் என்றுதான் இந்தக் கட்டுரை.

டில்லிக் குளிர் என்ன செய்கிறது?

என் மாமியாருக்கு 74 வயது. கல்யாணமாகி 19 வயதில் டில்லிக்கு வந்தவர். கரோல்பாக்கில் ஒற்றை அறைக் குடித்தனத்தில் நாலு பிள்ளைகளை வளர்த்தவர். குளிர் அவருக்குப் புதிதல்ல. ஆனால் கடந்த பத்து வருஷமாக ஆஸ்துமா. 2023 ஜனவரியில் ஒரு ராத்திரி மூச்சு விட முடியாமல் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "அம்மாவை நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்த ஊரில் வைத்திருக்காமல் இருக்க முடியுமானால் நல்லது" என்றார்.

ஏன் அந்த நாலு மாதம்? தீபாவளியை ஒட்டிப் பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்த தாளைக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகையோடு டில்லி வண்டிகளின் புகை, கட்டட வேலைத் தூசி, குப்பை எரிக்கும் புகை எல்லாம் சேருகின்றன. குளிர் காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால், பானைக்கு மூடி போட்டாற்போல் ஆகிவிடுகிறது. புகை மேலே போக வழியில்லை. காற்றும் வீசுவதில்லை. காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினாலே 'கடுமை' என்று பெயர். 2024 நவம்பரில் அது 490-ஐயும் தாண்டியது. பள்ளிக்கூடங்களைக்கூட மூடிவிட்டுப் பிள்ளைகளை வீட்டிலிருந்தே படிக்கச் சொன்னார்கள்.

அது போதாதென்று குளிர். ஜனவரியில் ராத்திரி 4, 5 டிகிரி வரைக்கும் இறங்கும். குளிர்ந்த காற்றை இழுத்தால் மூச்சுக்குழல் சுருங்கும். ரத்தக் குழாயும் சுருங்குவதால் ரத்த அழுத்தம் ஏறும். மூட்டு இறுகும். வெயிலே தலைகாட்டாத பனிமூட்ட நாட்களில் வயதானவர்கள் ரஜாயை விட்டு வெளியே வருவதில்லை. நடை நின்று போகிறது, பசி மந்திக்கிறது. சில வீடுகளில் அங்கீட்டியில் கரி போட்டு, அறையைச் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள். வாசனையே இல்லாத விஷப்புகை அதிலிருந்து வரும். தூக்கத்திலேயே உயிர் போன செய்தி ஒவ்வொரு குளிருக்கும் பேப்பரில் வருகிறது. இதை வாசிக்கும் வடநாட்டுச் சகோதரிகள் யாராவது அந்தப் பழக்கம் வைத்திருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

"என்னைத் தள்ளி விடப் பாக்கீங்களா?"

யோசனை சொல்வது எளிது. அத்தையிடம் பேச்செடுத்தபோது, அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. "எனக்கு ஆகலேன்னு ஊருக்குத் தள்ளி விடப் பாக்கீங்களா? நான் இந்த வீட்டுல எந்த மூலைய அடைச்சுக்கிட்டு இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

வயதானவர்களை இடம் மாற்றும்போது நாம் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். நமக்கு அது சிகிச்சை. அவர்களுக்கு அது ஒதுக்கி வைப்பது. என் கணவர் எடுத்துச் சொல்லியும் பலனில்லை. கடைசியில் நானே அத்தையிடம் உட்கார்ந்து, "எங்கே போகணும், எந்த வீடு, யார் கூட இருக்கணும் எல்லாம் நீங்களே முடிவு பண்ணுங்க அத்தை. பிடிக்கலேன்னா மறுநாளே திரும்பிடலாம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மூன்று நிபந்தனை போட்டார். உறவுக்காரர் வீட்டில் மாசக்கணக்கில் உட்கார மாட்டேன். அடுப்பு என் கையில் இருக்க வேண்டும். பேச்சுத் துணைக்கு அக்கம்பக்கம் வேண்டும்.

இந்த மூன்றும்தான் பிறகு எங்களுக்கு அளவுகோலாக இருந்தன. டாக்டரும் தம் பங்குக்கு மூன்று சொன்னார். தூசியும் புகையும் கூடாது, ஈரச் சுவர் கூடாது, ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருக்கக்கூடாது.

எந்த ஊர், எந்த மாதம்?

தமிழ்நாடு என்றால் எல்லா இடமும் குளிர் காலத்தில் சௌகரியம் என்று நினைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை நமக்கு அடைமழைக் காலம். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் நடுவரை கொட்டும். மார்கழி, தை முன்பனி.

ஊட்டி, கோடைக்கானல் பக்கம் பேச்சே இல்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் மார்கழிப் பனி கடுமை. தை பிறந்தால் சம்பா அறுவடை. களத்துத் தூசி ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. திருச்செந்தூரில் கடற்காற்று இதமாக இருந்தாலும், தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம் வந்து குவியும். குற்றாலம் எல்லோருக்கும் ஆசை. சீசன் ஜூன் முதல் ஆகஸ்டு வரைதானே, மார்கழியில் காலியாக இருக்கும் என்று எண்ணிப் போனோம். ஐயப்பன் பக்தர்கள் கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரஜோதி வரை அருவியில் குளிக்க வந்தபடியே இருப்பதால், விடிய விடிய வேன் சத்தம். அங்கே வீடு கேட்டால் நாள் கணக்கில் வாடகை சொன்னார்கள்.

அத்தைக்குத் தாமிரபரணிக் கரையில் பிறந்த ஊர். அங்கே நெருங்கிய உறவு யாரும் இப்போது இல்லை. ஆனால் பாஷையும் பழக்கமும் அவருக்கு அத்துப்படி. "அந்தப் பக்கமே பாருங்க" என்று அவரே சொன்னதும் பாதிக் கவலை தீர்ந்தது. ஜனவரியில் அங்கே பகலில் 30 டிகிரி வாக்கிலும், ராத்திரியில் 20 டிகிரி வாக்கிலும்தான் இருக்கும். ஆறு வற்றாது. கார், பிசானம் என்று இரண்டு போகம். பிசான நெல் பிப்ரவரி கடைசியில்தான் அறுவடைக்கு வரும். அதாவது டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி நடு வரை மழையும் இல்லை, களத்துத் தூசியும் இல்லை. டில்லியிலும் சிவராத்திரி கழிந்தால் குளிர் விட்டுவிடும்.

மிச்சம் இருந்தது நவம்பர். டில்லிப் புகைக்கும் நெல்லை மழைக்கும் நடுவில் அகப்படுகிற மாதம். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் மதுரையில் உள்ள என் நாத்தனார் வீட்டில் இருக்க அத்தை சம்மதித்தார். "மக வீடுதானே, ஒரு மாசம் பரவாயில்ல" என்று தாமே நிபந்தனையைத் தளர்த்திக்கொண்டார்.

வெள்ளம் காட்டிக் கொடுத்த வீடுகள்

2024 ஜனவரி, பொங்கல் லீவில் வீடு தேடப் போனோம். எந்த மாதத்தில் குடியிருக்கப் போகிறோமோ அந்த மாதத்தில் போய் வீடு பார்க்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். சித்திரையில் பார்த்தால் எல்லா வீட்டுச் சுவரும் காய்ந்துதான் இருக்கும்.

நாங்கள் போவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், அந்தப் பக்கம் வரலாறு காணாத மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரை புரண்டு ஊருக்குள் வந்தது. நாங்கள் பார்த்த வீடுகளில் சுவரில் வெள்ளம் நின்ற கோடு அப்படியே தெரிந்தது. சில வீடுகளில் இடுப்பளவு, சில வீடுகளில் ஜன்னலுக்கு மேலே. ஆற்றைப் பார்த்த திண்ணையும், தென்னந்தோப்புமாக ஓர் அழகான வீடு. என் கணவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அடுக்களைச் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. மூலையில் கறுப்புப் பூஞ்சணம். அது ஒன்று போதும் ஆஸ்துமாவைக் கிளப்ப. மனசே இல்லாமல் அவரைக் கிளப்பிக்கொண்டு வந்தேன்.

ஆற்றங்கரையில் வீடு பார்ப்பவர்கள் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல், எதிர்க் கடையில், டீக்கடையில், "2023-ல் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். 1992 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் இருந்தால் அதையும் கேளுங்கள். 2024 டிசம்பர் இரண்டாம் வாரத்திலும் ஆற்றில் வெள்ளம் போயிற்று. மேட்டுத் தெருவாக எடுத்ததால் எங்களுக்குக் கவலை இல்லாமல் போயிற்று.

பதினோரு வீடு பார்த்தோம். அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையில் ஒரு சிறு கிராமத்தில் பன்னிரண்டாவது வீடு அமைந்தது. ஊர்ப் பெயரை வீட்டுக்கார ஆச்சி எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "பொறவு ஆளாளுக்கு வந்து கதவத் தட்டுவாக தாயி!" என்று சிரித்தார்கள். அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் வெளியூரில். இவர்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். இந்த வீடு பூட்டியே கிடந்தது. "வீடு பூட்டிக் கெடந்தா கரையான்தான் குடியிருக்கும். மனுசர் இருந்தா வெளக்காவது எரியும்" என்று மாதம் 4,000 ரூபாய்க்குச் சம்மதித்தார்கள். கிராமங்களில் இப்படிப் பூட்டிய வீடுகள் ஏராளம். போர்டு தொங்காது. புரோக்கரும் இருக்கமாட்டார். கோயில் பூசாரி, பலசரக்குக் கடைக்காரர், ரிடையர் ஆன வாத்தியார் இவர்களிடம் விசாரித்தால்தான் தெரியும்.

வீட்டில் பார்க்க வேண்டியவை

நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பார்த்தது இது. நீங்களும் வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

1. கழிப்பிடம் எங்கே? பழைய வீடுகளில் புறவாசலில், இருபது அடி தள்ளி இருக்கும். ராத்திரிப் பனியில் கிழவி நடக்க முடியுமா? எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. பட்டாசலை ஒட்டிய சாமான் அறையில் உட்காரும் கழிப்பிடம் ஒன்று கட்ட ஆச்சி ஒப்புக்கொண்டார்கள். செலவில் பாதி எங்களுடையது. சுவரில் பிடித்து எழுந்திருக்கக் கம்பியும் போட்டோம்.

2. தரை வழுக்குமா? முற்றத்தில் பாசி உண்டா? படி எத்தனை? வாசல் நிலை தலையில் இடிக்குமா?

3. மச்சில் என்ன இருக்கிறது? பழைய வைக்கோல், உமி மூட்டை, கிழிந்த மெத்தை, வௌவால் எதுவும் இருக்கக் கூடாது. ஒட்டடை அடிப்பதும் வெள்ளையடிப்பதும் குடிபோவதற்கு ஒரு மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும். புதுச் சுண்ணாம்பு, பெயிண்ட் வாசனையே மூச்சை இழுத்துவிடும்.

4. பக்கத்தில் அரிசி மில், செங்கல் சூளை உண்டா? அண்டை வீட்டில் விறகடுப்பா, புகை எந்தப் பக்கம் வரும்? சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

5. குழாய்த் தண்ணீர் தினம் வருமா? ஒரு நாள் விட்டு ஒரு நாளா? சேமிக்கத் தொட்டி உண்டா?

6. கரண்ட் மீட்டரில் குடிபோகும் அன்று என்ன எண் இருக்கிறது என்று எழுதி வைத்தீர்களா? இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுப்பார்கள். நடுவில் வந்து போகிறவர்களுக்குப் பாகம் பிரிக்க அது உதவும்.

7. செல்போன் சிக்னல் வீட்டுக்குள் கிடைக்கிறதா, தட்டட்டிக்கு ஏறினால்தான் கிடைக்கிறதா?

8. அமைதியான ஊர்தானா? சிரிக்காதீர்கள். கிராமம் என்றால் நிசப்தம் என்று பட்டணத்தார் நினைக்கிறோம். மார்கழி மாதம் காலை நாலரை மணிக்குக் கோயிலில் குழாய் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போடுவார்கள். எங்கள் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் இரண்டு தெரு. அதனால் காதுக்கு இனிமையாகவே இருந்தது. கோயில் வாசலிலேயே வீடு எடுத்திருந்தால் தூக்கம் போயிருக்கும்.

மருந்துப் பெட்டி

இடம் மாற்றினால் ஆஸ்துமா போய்விடும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். போகாது. தூண்டிவிடுகிற காரணங்கள்தான் குறையும். "நல்லா இருக்கேன்" என்று பெரியவர்கள் மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து. இழுக்கும் மருந்து இரண்டு வகை. ஒன்று தினமும் எடுப்பது, மற்றது மூச்சு முட்டும்போது எடுப்பது. இரண்டுக்கும் வேறு வேறு நிற நூல் கட்டி வைத்தேன். தினசரி மருந்தை இழுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும். வெயில் படும் ஜன்னலில் அந்த மருந்தை வைக்கக் கூடாது.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைக் கேட்டு, வருஷா வருஷம் போடும் ஃப்ளூ தடுப்பூசியும், நிமோனியாவுக்கான தடுப்பூசியும் போட்டோம். மருந்துச் சீட்டை மூன்று பிரதி எடுத்து ஒன்று பெட்டியில், ஒன்று அடுக்களை அலமாரியில், ஒன்று ஆச்சி வீட்டில். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிஜன் கருவி ஒன்று. எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று டாக்டரிடமே எழுதி வாங்கினேன்.

ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, அவசர மருந்து இழுத்தும் தணியவில்லை, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்ய வேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அம்பாசமுத்திரத்திலும் அரசு ஆஸ்பத்திரி உண்டு. போன மறுநாளே அத்தையை அங்கே கூட்டிப்போய் ஒரு முறை காட்டிவிட்டு வந்தோம். ராத்திரி அவசரத்தில் முதல் தடவையாக வழி தேடக் கூடாது அல்லவா?

கொசுவுக்குச் சுருள் கொளுத்தவே கூடாது. அந்தப் புகையும் ஆஸ்துமாவும் ஜன்மப் பகை. மழைக்குப் பின் டெங்கு பயம் உண்டென்பதால் கொசுவலை கட்டினோம். அடுக்களையில் கரண்ட் அடுப்பு ஒன்றும், 5 கிலோ சின்ன சிலிண்டர் ஒன்றும் வைத்தோம். விறகடுப்புச் சோற்றுக்கு அத்தை ஆசைப்பட்டபோது, ஆச்சி வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்துவிடும்!

யார் துணை?

எங்கள் வீட்டில் பெரிய சிக்கல் இதுதான். மகள் ப்ளஸ் டூ. பிப்ரவரி நடுவில் பரீட்சை. என் கணவருக்கு ஆபீஸ். நான் மூன்று மாதம் போய் உட்கார முடியாது. அத்தையைத் தனியே விடவும் முடியாது. குடும்பமாக உட்கார்ந்து காலண்டரில் கோடு போட்டோம். டிசம்பர் கடைசியில் மூன்று வாரம் நான். பொங்கலுக்கு என் கணவர் பத்து நாள். பிறகு தை கடைசி வரை நாத்தனார். மாசியில் பத்து நாள் கொழுந்தன். ராத்திரித் துணைக்கு ஊரிலேயே ஓர் அம்மாள், மாதம் 3,000 ரூபாய்.

ஒவ்வொருவரும் "என்னால் இவ்வளவுதான் முடியும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால், நடுவில் மனஸ்தாபம் வரவில்லை. ஒரு மருமகள் தலையிலேயே எல்லாம் விழுந்தால், குளிர் அத்தைக்கு, காய்ச்சல் மருமகளுக்கு என்றாகிவிடும்.

பயணத்துக்கு நிஜாமுதீனிலிருந்து கன்னியாகுமரி போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. வாரம் இரு முறை. மதுரை, திருநெல்வேலி வழி. இரண்டு ராத்திரி ரயிலில் கழிக்க வேண்டும். 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து 60 நாள் முன்னால்தான் முன்பதிவு. தேதியைக் காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டு அன்று காலையே டிக்கெட் எடுத்துவிட வேண்டும். வயதான பெண்களுக்கும் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே அதைக் கேட்டு எடுங்கள். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோயிற்று. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அந்த இரண்டு மாதம்

முதல் ஐந்து நாள் அத்தை சிடுசிடுப்பாகத்தான் இருந்தார். "டீவீ இல்ல, பேத்தி இல்ல, என்ன ஊரு இது" என்றார். ஆறாம் நாள் காலை திண்ணையில் உட்கார்ந்திருந்தவரைத் தெருவில் போன ஒரு கிழவி உற்றுப் பார்த்து, "நீ இன்னார் மகதான?" என்று கேட்டார். அறுபது வருஷம் முன்பு இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் அஞ்சாங்கிளாஸ் படித்தவர்களாம்! அன்றிலிருந்து சாயங்காலம் நாலு மணிக்குத் திண்ணையில் கச்சேரிதான். பல்லாங்குழி எங்கிருந்தோ வந்தது. ஊர்வம்பு தானே வந்தது.

காலையில் பனி விலகட்டும் என்று ஏழரை மணி வரை வெளியே விடமாட்டேன். காதைச் சுற்றித் துண்டு. பிறகு வாய்க்கால் கரை வரை நடை. முதல் வாரம் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தவர், தை பிறந்தபோது ஒரே மூச்சில் போய் வந்தார். ஆற்றுக் குளியலுக்கு மட்டும் தடை. வெந்நீர்தான். இரவில் சுக்குக் காப்பி, கருப்பட்டி போட்டு.

ஒரு நாள் வாடகைக் கார் வைத்துக்கொண்டு நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் போனோம். மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்துகள் குளத்தில் கூட்டம் கூட்டமாக இருந்தன. ஊர்க்காரர்கள் அவற்றைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப்போல் பாதுகாக்கிறார்கள். "இதுகளும் நம்ம மாதிரி குளிருக்கு வந்திருக்கு, பாரு" என்று அத்தை சொன்னார். 'தள்ளி விட்டீர்கள்' என்ற பேச்சு அதற்குப் பிறகு அவர் வாயில் வரவில்லை.

இதெல்லாம் நடந்த குளிர் காலத்தில், அத்தைக்கு ஒரு தரம்தான் இரைப்பு வந்தது. போகி அன்று தெருவில் பழைய பாய், டயர் எல்லாம் கொளுத்தியபோது. இரண்டு முறை மருந்து இழுத்ததும் தணிந்துவிட்டது. ஆஸ்பத்திரிப் படியேறவில்லை. 2023 ஜனவரியில் நாங்கள் பட்டதை நினைத்தால் இது பெரிய காரியம். போகிக்கு முதல் நாளே ஜன்னலைச் சாத்தி வைப்பதென்று இப்போது வழக்கமாக்கிக்கொண்டோம்.

சிறுகிழங்குப் பொரியல்

அந்தப் பக்கம் பொங்கலுக்குச் சிறுகிழங்கு இல்லாமல் இலை போடமாட்டார்கள். மண்ணோடு வரும். தோல் சீவி மாளாது. ஆச்சி காட்டிய வழி இது: அரை கிலோ கிழங்கைத் தண்ணீரில் அரை மணி ஊற வைத்து, சாக்குத் துண்டில் போட்டு முடிந்து, கல்லில் புரட்டிப் புரட்டித் தேயுங்கள். தோல் தானே உரியும். கழுவி, இரண்டாக நறுக்கி, மஞ்சள் பொடி, உப்புப் போட்டு வேக வைத்து வடியுங்கள். அரை மூடித் தேங்காய்த் துருவல், ஒரு ஸ்பூன் சீரகம், நாலு மிளகாய் வற்றல், இரண்டு சின்ன வெங்காயம் இவற்றைக் கொரகொரப்பாக அரையுங்கள். தேங்காயெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கிழங்கைப் போட்டு, அரைத்ததைச் சேர்த்துக் கிளறி இறக்கவேண்டியதுதான். சாம்பார் சாதத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்!

இப்போதே செய்ய வேண்டியது

சொந்த ஊரில் வீடு இல்லை, நிலம் இல்லை, நமக்கெதற்கு என்று இருந்துவிடாதீர்கள். எங்களுக்கும் இல்லைதான். வீட்டுக்கு வாடகை, துணைக்கு ஆள், ரயில் செலவு எல்லாம் சேர்த்தும், அந்த ஆறு நாள் ஆஸ்பத்திரிப் பில்லைவிடக் குறைவாகத்தான் ஆயிற்று. வீட்டுப் பெரியவரைக் கலந்துகொண்டு, அவர் சொல்லும் பக்கத்தில் தேடுங்கள். இந்தக் குளிருக்கு இல்லாவிட்டாலும் அடுத்த குளிருக்கு அமையும். வருகிற தையில் லீவு போட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் நாலு ஊர் பார்த்து வாருங்கள். சுவரைத் தொட்டுப் பார்க்க மறக்காதீர்கள்.